பழைய வேட்டி, முடிச்சு நாப்பி, டயப்பர்: பிறக்கும் முன் எதைச் சேர்த்து வைப்பது?

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்த நாத்தனார், மறுநாள் காலையிலேயே போனை என் கையில் கொடுத்து "அண்ணி, இதுல எது வேணும் எது வேண்டாம்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். இணையக் கடையின் கூடையில் 43 பொருள். ஜப்லா ஒரு டஜன், கையுறை காலுறை ஆறு ஜோடி, கம்பளிக் குல்லா நாலு, துணி டயப்பர் ஆறு, நடுவில் குழி வைத்த தலையணை, கொசுவலை தைத்த மெத்தை, எல்லாமாகச் சேர்த்து 11 ஆயிரத்துச் சொச்சம். அத்தை அடுப்படியில் இருந்தே, "பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நூல்கூட வாங்கக் கூடாது. அப்பாவோட வேட்டி எட்டு இருக்கு, கிழிச்சுக்கலாம்" என்று முடித்துவிட்டார். மாப்பிள்ளை வாட்ஸப்பில் தன் பங்குக்கு, "டயப்பர் பெரிய பாக்கெட்டா நாலு வாங்கிடுறேன், யாரும் கஷ்டப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

மூன்று பேர் சொல்வதிலும் பாதி சரி. முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதே இழுபறிதான் நடக்கிறது. துவைக்கப் போகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை முதலில் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

ஒரு நாளைக்கு எத்தனை துணி? பிறந்த முதல் நாள் குழந்தை ஒன்றிரண்டு தடவைதான் நனைக்கும். ஐந்தாறு நாளில் பால் நன்றாக இறங்கிய பிறகு குறைந்தது ஆறு தடவை சிறுநீர் போக வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் அளவு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை மலமும் பலமுறை போகும். இரண்டையும் சேர்த்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மாற்றல் வரும். ஒவ்வொரு மாற்றலிலும் நாப்பி மட்டும் நனைவதில்லை, அடியில் விரித்த துணியும் நனையும், பாதி நேரம் ஜப்லாவின் கீழ்விளிம்பும் நனையும்.

அந்தத் துணி காய எவ்வளவு நேரம் ஆகும்? இதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிற கேள்வி. என் மகள் கோபிசெட்டிபாளையத்தில் என் அம்மா வீட்டில் சித்திரையில் பிறந்தாள். மொட்டை மாடியில் போட்ட வேட்டித்துணி, நான் கீழே இறங்கி ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் மொறமொறவென்று இருக்கும். நாத்தனாருக்குக் கார்த்திகையில் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதுவும் தாம்பரத்தில் இரண்டாம் மாடி, பால்கனியில் நாலு கொடி. அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பக்கம் துணி காய்வது எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் கனமான துணி என்றால் இன்று போட்டது நாளை சாயங்காலமும் சில்லென்றே இருக்கும், ஒரு மக்கல் வாடையோடு.

யார் துவைப்பது? "வீட்டில் ஆள் இருக்கிறது" என்று சொல்வார்கள். அந்த ஆள் யார், அவருக்கு என்ன வயது, முட்டிவலி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. என் அம்மா அந்த நாற்பது நாளும் குனிந்து பீத்துணி அலசியதில் வந்த இடுப்பு வலியை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இவற்றோடு குழந்தையின் தோல், ராத்திரித் தூக்கம், எத்தனை நாளில் அளவு சின்னதாகிப் போகும் என்பது. அதற்கப்புறம் பணம்.

## பழைய வேட்டித்துணி

நூறு தடவை துவைத்த பருத்தி வேட்டிக்கு இணையான மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது. புதுத்துணியில் கஞ்சியும் பூச்சும் இருக்கும், முதலில் தண்ணீரை வழுக்கிவிடும். பழையது போட்டவுடன் உறிஞ்சும். எட்டு முழ வேட்டி ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல், அகலம் ஒன்றேகால் மீட்டர். 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் ஒரு வேட்டிக்குப் பன்னிரண்டு வரும். நாலு வேட்டிக்கு 48. செலவு சுழியம். தாத்தாவின் வேட்டியில் பேரப்பிள்ளை கிடக்கிறது என்பதில் வீட்டுக்கே ஒரு சந்தோஷம் வேறு.

மறைந்திருக்கும் சங்கடங்கள் மூன்று.

முதலாவது பாச்சை உருண்டை. பீரோவில், டிரங்குப் பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நம்மிடையே உண்டு, பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு அந்த வாசனை மூச்சிலும் தோலிலும் ஏறினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை கடுமையாகும். ஒரு நாள் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். வாடை அடிக்கிற துணியைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் எட்டு வேட்டியில் மூன்று இப்படித்தான் கழிந்தன.

இரண்டாவது ஓரத்து நூல். கையால் கிழித்த துணியின் விளிம்பில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். என் மகளுக்குப் பதினெட்டாம் நாள், ஒரு மணி நேரம் விடாமல் அழுதாள். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணி வரை பேச்சுப் போனது. அம்மாயிதான் (என் அம்மாவின் அம்மா) விளக்கைப் பக்கத்தில் பிடித்துக் காலை விரித்துப் பார்த்தார். இரண்டாவது விரலில் ஒரு வெள்ளை நூல் மூன்று சுற்றுச் சுற்றி, விரல் நாவல்பழம் மாதிரி கருநீலமாக வீங்கியிருந்தது. நகவெட்டியின் முனையால் நூலை அறுத்ததும் அழுகை நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே கிழிக்காதீர்கள், வெட்டி நாலு பக்கமும் மடித்து அடித்து வாங்குங்கள். தெருமுனைத் தையல்காரர் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். கையுறை காலுறையையும் உள்பக்கம் திருப்பி நூல் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

மூன்றாவது, இது ஒரு நனைப்புதான் தாங்கும், அதுவும் முழுசாகத் தாங்காது. மூன்று மூலையாக மடித்து இடுப்பில் கட்டினால் குழந்தை காலை உதைத்ததும் நழுவும். ஊக்கு குத்துவது என்ற யோசனையே வேண்டாம், அரைஞாணில் செருகிக்கொள்வார்கள் எங்கள் ஊரில். ராத்திரி ஒவ்வொரு நனைப்புக்கும் அம்மா எழுந்தாக வேண்டும்.

வெயில் காலத்துப் பிரசவம், மொட்டை மாடி, கூட இரண்டு பேர் இருந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அதில் ஒன்று குறைந்தாலும் இது மட்டும் போதாது.

## கடையில் விற்கும் முடிச்சு நாப்பி

முக்கோணமாகத் தைத்து இரண்டு பக்கமும் நாடா வைத்தது, லங்கோடு என்றும் சொல்வார்கள். ஐந்தாறு கொண்ட கட்டு 200 ரூபாய் அளவில் கிடைக்கும். திருப்பூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் காதர்பேட்டையில் பனியன் துணியில் இன்னும் மலிவாக வாங்கித் தருவார்.

நழுவாது, யார் வேண்டுமானாலும் கட்டலாம். முதல்முறை அப்பா ஆகிறவருக்கு வேட்டி மடிப்புக் கற்றுக்கொடுப்பதைவிட இது சுலபம் (மாப்பிள்ளையை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்). தொப்புள்கொடி விழ ஒன்று இரண்டு வாரம் ஆகும், அதுவரை மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடவும் வசதி.

ஆனால் அளவு சீக்கிரம் போய்விடும். சின்ன அளவு இரண்டு மாதம் தாண்டாது, டஜன் கணக்கில் வாங்கினால் அப்படியே மடிப்புக் கலையாமல் யாருக்காவது கொடுப்பீர்கள். கலர் கலராக, பொம்மை அச்சிட்டதாக வாங்கினால் சாயம் போகும், போதாததற்கு மலத்தின் நிறம் தெரியாது. தார் மாதிரி கறுப்பாக வருவது, பிறகு பச்சை, பிறகு மஞ்சள் என்று முதல் வாரத்தில் அந்த நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் பால் போதுகிறதா என்று பெரியவர்கள் சொல்வார்கள், டாக்டரும் கேட்பார். வெள்ளை அல்லது வெளிர் நிறமே வாங்குங்கள். கறைக்குப் பயப்படாதீர்கள், வெயில் எடுத்துவிடும்.

என் கணக்கில் இது வேட்டித்துணிக்குத் துணை. பதினைந்து இருந்தால் தாராளம்.

## பட்டன் வைத்த நவீன துணி டயப்பர்

வெளியே நீர் புகாத துணி, உள்ளே தடிமனான உறிஞ்சு பட்டை, இடுப்பிலும் தொடையிலும் பட்டன். "பிறந்ததில் இருந்து மூன்று வயது வரை ஒரே டயப்பர்" என்று விளம்பரம். விலை ஒன்றுக்குச் சில நூறு ரூபாய், ஒரு நாளைத் தள்ளக் குறைந்தது பத்து வேண்டும்.

இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆறு மாதத்துக்கு அப்புறம் நானே பயன்படுத்தினேன். ஆனால் பிறக்கும் முன் வாங்கி வைக்க வேண்டிய பொருளாக இதை நான் நினைக்கவில்லை. இரண்டே முக்கால் கிலோக் குழந்தைக்கு எல்லாப் பட்டனையும் இறுக்கினாலும் தொடையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும், அந்த வழியாக எல்லாம் ஒழுகும். இடுப்புக்குக் கீழே தலையணை கட்டியதுபோல உப்பிக்கொண்டு நிற்கும். பருத்திப் பட்டையைப் பல முறை துவைத்தால்தான் முழுசாக உறிஞ்சத் தொடங்கும், இது தெரியாமல் முதல் நாளே போட்டுவிட்டு "ஏமாத்திட்டான்" என்பவர்கள் நிறைய. துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றித் துவைத்தால் உறிஞ்சும் சக்தியே போய்விடும். மைக்ரோஃபைபர் என்கிற செயற்கை இழைப் பட்டையாக இருந்தால் தோலில் நேராகப் படக் கூடாது, ஈரப்பசையை இழுத்து வறட்டிவிடும்.

மழைக்காலத்தில் அந்தத் தடிமன் பட்டை காய இரண்டு நாள்கூட ஆகும். உள்ளே ஈரம் இருக்க, மேலே தொட்டால் காய்ந்த மாதிரி தோன்றும், அதுதான் ஆபத்து.

இதைத் தேர்ந்தெடுக்க நல்ல நேரம் மூன்று, நாலு மாதம். முதலில் ஒன்றோ இரண்டோ வாங்கிப் பாருங்கள், உங்கள் பிள்ளையின் தொடைக்கு ஒத்துவந்தால் மேற்கொண்டு சேர்க்கலாம்.

## கடாசும் டயப்பர்

பிறந்த குழந்தைக்கான அளவு ஒன்று ஏறக்குறைய 10 ரூபாய் என்று வையுங்கள். பத்து மாற்றினால் நாளுக்கு 100, மாதம் 3,000. ராத்திரிக்கு மட்டும் இரண்டு என்றால் மாதம் 600. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் முடிவு இருக்கிறது.

மாப்பிள்ளை சொன்ன "பெரிய பாக்கெட் நாலு" மட்டும் வேண்டாம். அந்த அளவு சுமார் ஐந்து கிலோ வரைதான், சில பிள்ளைகள் ஒன்றரை மாதத்திலேயே தாண்டிவிடும். ஒரு கம்பெனியுடையது ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் தொடை இடுக்கு சிவக்கும், அப்போது மூன்றரைப் பாக்கெட்டை என்ன செய்வது? சின்னப் பாக்கெட் ஒன்று போதும்.

பலரும் சொல்லாத ஒன்று: இதில் குழந்தை எத்தனை தடவை நனைத்தது என்று தெரியாது. முதல் இரண்டு வாரம் அந்த எண்ணிக்கை முக்கியம். துணி என்றால் வாளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். உறிஞ்சிக்கொள்கிறதே என்று ஐந்தாறு மணி நேரம் விட்டுவைப்பதும் இதில் வருகிற பழக்கம்தான், புண் வருவது பெரும்பாலும் அதனால்தான். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மலம் போனால் உடனே. அப்புறம் குப்பை. திடக்கழிவு விதிகளின்படி நன்றாகச் சுற்றிப் போட வேண்டும், நம் தெருவில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று நாய்களைக் கேட்டால் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் மூன்று, நாலு நாள், ராத்திரிகள், தடுப்பூசிக்குப் போகும் நாள், தொடர்மழை. இந்த நாலு நேரத்தில் இதற்குச் சங்கோஜப்படவே வேண்டாம். சிசேரியன் ஆகி, துணைக்கு ஒரே ஒரு ஆள் இருக்கிற வீட்டில் முதல் பதினைந்து நாள் முழுசாகவே இதைப் போட்டாலும் குற்றமில்லை.

## ஒரே பார்வையில்

| | வேட்டித்துணி | முடிச்சு நாப்பி | நவீன துணி டயப்பர் | கடாசும் டயப்பர் |
|---|---|---|---|---|
| எத்தனை நனைப்பு தாங்கும் | ஒன்று, அதுவும் அரைகுறை | ஒன்று | மூன்று நாலு | மூன்று நாலு |
| வெயிலில் காய | அரை மணி | ஒரு மணி | அரை நாள் | இல்லை |
| அடைமழையில் காய | ஒரு நாள் | ஒன்றரை நாள் | இரண்டு நாள் | இல்லை |
| பிறந்த குழந்தைக்கு அளவு | எப்படியும் மடிக்கலாம் | சரி | பெரும்பாலும் பெரிது | சரி |
| வாங்க வேண்டியது | தையல் கூலி மட்டும் | 15 | இப்போது வேண்டாம் | சின்னப் பாக்கெட் 1 |
| மறைந்த செலவு | துவைப்பவர் இடுப்பு | சீக்கிரம் சின்னதாகும் | ஒத்துவராவிட்டால் நஷ்டம் | குப்பை, மாதச் செலவு |

காயும் நேரமெல்லாம் நான் பார்த்ததை வைத்துச் சொல்வது, உங்கள் வீட்டுக் காற்றோட்டத்துக்கு ஏற்ப மாறும்.

## ஜப்லா: புதுசா, உறவில் வந்ததா?

இதில் எனக்குக் குழப்பமே இல்லை. உறவில் வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். "நல்லா வளந்த புள்ளையோட துணி" என்று பார்த்துப் பார்த்துக் கேட்டு வாங்குவது நம் வழக்கம். முன்பக்கம் திறந்து முடிச்சுப் போடுகிற மாதிரி எட்டுப் பத்து இருந்தால் போதும். தலை வழியாக மாட்டுவது கழுத்து நிற்காத குழந்தைக்கு அவஸ்தை, காமாலைக்கு விளக்கடியில் படுக்க வைக்க வேண்டி வந்தால் முன்திறப்புதான் கைகொடுக்கும். எலாஸ்டிக் தொய்ந்தது, பட்டன் ஆடுவது, பின்பக்க ஜிப் வைத்தது, இவற்றை மட்டும் கழித்துவிடுங்கள். புதுசு ஒன்றும் வாங்காவிட்டாலும் குறையில்லை, பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி கொண்டுவருவார்கள். அதில் பாதி ஜிகினா, மீதிப் பாதி நைலான் வலை, போட்டோவுக்குப் போட்டுக் கழற்றலாம். அட்டையோடு சேர்த்துக் குத்தியிருக்கும் குண்டூசியை எண்ணி எடுங்கள்.

கம்பளிக் குல்லா நாலு எதற்கு? பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் தலை மூடி வைப்பார்கள், அதற்கு ஒன்று போதும். நமக்கே வேர்க்கிற அறையில் குழந்தைக்குக் குல்லாவும் கையுறையும் மாட்டிப் போர்த்தினால் உடம்பு சூடாகிப்போகும்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். 2015-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் உண்டு, துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை எல்லாம் அதில் அடக்கம். அது கைக்கு வந்தபின் மீதியை யோசிக்கலாம்.

## விரிப்பு, மெத்தை, தூளி

ரப்பர் ஷீட்டா, டிரை ஷீட்டா? ரப்பர் மலிவு, துடைத்தால் போதும், ஆனால் அடியில் வேர்க்கும், அதன்மேல் கட்டாயம் துணி விரிக்க வேண்டும். மேலே துணிபோல இருக்கும் டிரை ஷீட் குழந்தைக்குச் சுகம், விலை கொஞ்சம் கூட, அதையும் துவைத்துக் காயப் போட வேண்டும். டிரை ஷீட் இரண்டு, ரப்பர் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மழையிலும் சமாளிக்கலாம். இரண்டுக்கும் மேலே விரிக்கப் பழைய பருத்திச் சேலை. சென்னிமலைப் போர்வை ஒன்று இருந்தால் நாலாக மடித்து விரித்தாலே கடையில் விற்கும் மெத்தைக்குப் பதிலாகிவிடும்.

குழி வைத்த தலையணையைக் கூடையில் இருந்து நான்தான் எடுத்தேன். தலை உருண்டையாகும் என்று சொல்லி விற்கிறார்கள். பச்சைக் குழந்தைக்குத் தலையணையே வேண்டாம், அழுத்தமான சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் மூச்சுக்குப் பாதுகாப்பு.

தூளிக்குப் பருத்திச் சேலைதான், பட்டு வழுக்கும், சிந்தெடிக் காற்று விடாது. குழந்தையின் மோவாய் நெஞ்சில் இடிக்கும்படி குழிந்துவிடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டத்துக்குத் தூளி, தூங்கியபின் தரையில் விரிப்பு என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். சுற்றிக் கட்டும் துணிக்கு மெல்லிய மல் துணி நாலு. கை சேர்த்துச் சுற்றலாம், காலை நீட்டி இறுக்கிக் கட்டக் கூடாது, இடுப்பு மூட்டுக்குக் கெடுதல்.

## முன்னாலேயே வாங்கக் கூடாது என்கிறார்களே?

அத்தையோடு இதில் நான் சண்டை போடவில்லை. முதலில் பழந்துணி, தீட்டுக் கழிக்கும் புண்ணியாதானத்துக்குப் பிறகு புதுசு என்ற வழக்கத்தில் குழந்தையின் தோலுக்கு நல்லதுதான் இருக்கிறது. துவைத்து வெயிலில் காய்ந்த பழசைச் சேர்த்து வைப்பதை எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை. நாப்பியும் டிரை ஷீட்டும் மட்டும் புதுசாக வேண்டும், அவற்றை என் பெயரில் வாங்கி, என் மகளின் அலமாரியில் வைத்திருக்கிறோம். அத்தைக்கும் தெரியும், கேட்கவில்லை.

## எங்கள் வீட்டில் முடிவானது

ஐந்து வேட்டியில் 60 சதுரம், ஓரம் அடித்தது. முடிச்சு நாப்பி 15. கடாசும் டயப்பர் சின்னப் பாக்கெட் ஒன்று, தீர்ந்தால் தெருமுனை மருந்துக்கடை. நவீன துணி டயப்பர் மாசி, பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம். 11 ஆயிரத்துச் சொச்சம் 2,400-க்கு இறங்கியது. மிச்சத்தில் மூன்று மாதத்துக்குத் துவைக்க ஆள் பேசியிருக்கிறோம், மாதம் 2,000. அத்தை முதலில் முனகினார், "நான் மூணு பேருக்குத் தொவச்சேன்" என்று. மூன்று பேருக்குத் துவைத்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

இதே தேதி சித்திரையில் விழுந்திருந்தால் டயப்பர் பாக்கெட்டைக்கூட ஆஸ்பத்திரிப் பையோடு நிறுத்தியிருப்பேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு, வெளிநாட்டில் தனியாக, துணைக்கு ஆள் வராது என்றால் கணக்கு அப்படியே தலைகீழ்: டயப்பர் முதல், துணி நாப்பி பகலில் முடிந்தபோது.

இப்போது பாக்கி இருப்பது ஹாலில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு கொடி. நைலான் கயிறு பத்து மீட்டர் வாங்கி வந்தாயிற்று, ஆணியை மாப்பிள்ளை இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.